ஞானப் பல்லை முளையிற் கிள்ளலாமா?

இருபது வயதை அணுகும் ஓர் இளைஞர் காலையில் எழுந்து பல் துலக்கும்போது, கீழ்த்தாடையின் கடைக்கோடியில் முரசு வீங்கி நோவதை உணர்கின்றார். இரண்டு நாட் கழிய, வாயை முழுதும் திறக்க முடிவதில்லை. சோற்றுக் கவளத்தை விழுங்குவதும் துன்பமாகின்றது. "பயப்படாதே, ஞானப் பல் முளைக்கின்றது, எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது" என்று வீட்டிலுள்ள முதியோர் ஆறுதல் கூறுகின்றனர். பல் வைத்தியரோ எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றை எடுத்துக் காட்டுகின்றார். பல் நேரே நில்லாது, முன்னிருக்கும் பல்லின்மீது சாய்ந்து, எலும்பினுள்ளே பாதி புதைந்து கிடக்கின்றது. முரசைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கவேண்டும் என்று அவர் சொல்கின்றார். அருகில் நிற்கும் தாயார் இதைக் கேட்டுக் கலங்குகின்றார். பின்பு அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. "என் இளைய பிள்ளைக்கு இப்பொழுது எட்டு வயது. அவனுக்கும் இந்த வேதனை வராமல், இப்போதே ஏதேனும் மருந்தினாலோ ஊசியினாலோ அந்தப் பல்லைத் தோன்றாமலே செய்துவிட முடியாதா?"

இந்தக் கேள்வியைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் கூடாது. பல் மருத்துவ ஆராய்ச்சியாளரும் இதே கேள்வியைக் கேட்டு, எலிகளிலும் பன்றிகளிலும் பரிசோதனை செய்திருக்கின்றனர். அவர்கள் எதுவரை சென்றுள்ளனர், இன்று நாம் எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பவற்றை எடுத்துக்கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே பெயரைப் பார்ப்போம். மனிதனுடைய முப்பத்திரண்டு நிலையான பற்களுள், நான்கு மூலைகளிலும் ஈற்றிலே நிற்கும் நான்கு பற்களே ஞானப் பற்கள் எனப்படுவன. பெரும்பாலும் பதினேழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில் இவை வெளிவருவதால் இப்பெயர் பெற்றன. பண்டைக் கிரேக்கரும் இக்கருத்துடைய பெயரையே வழங்கினர். எண்பது வயதைக் கடந்த பெண்களுக்குக்கூட ஞானப் பல் பெருநோவுடன் முளைத்ததுண்டு என்று அரிஸ்டோட்டில் எழுதிவைத்துள்ளார். துருக்கியர் இதனை இருபது வயதுப் பல் என்பர். யப்பானியரோ பெற்றோர் அறியாதது என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். பிள்ளை வளர்ந்து, பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து நீங்கிய பின்னரே இப்பல் வெளிப்படுகின்றது என்பது அப்பெயரின் கருத்துப் போலும்.

ஆனால் பல்லின் பிறப்பு அத்துணைப் பிந்தியதன்று. வெளியே தோன்றுவதுதான் பதினெட்டாம் வயதிலேயன்றி, அது உருவாகத் தொடங்குவது பிள்ளைப் பருவத்திலேயே. இதனை விளங்கிக்கொண்டால்தான் அதனைத் தடுக்கும் முயற்சியின் உட்பொருள் விளங்கும்.

பல் எலும்பிலிருந்து முளைப்பதன்று. வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மேலணி இழையம் ஓரிடத்தில் தடித்து, ஒரு நாடாப்போலத் தாடையினுள்ளே இறங்குகின்றது. அந்நாடாவிற் சிறு மொட்டுக்கள் அரும்புகின்றன. மொட்டு முதலில் ஒரு தொப்பியின் வடிவையும், பின்னர் ஒரு மணியின் வடிவையும் அடைகின்றது. மணியின் உட்புறத்தே திரண்டு நிற்கும் கலங்கள் பல்லின் உடலாகிய பன்முதலை ஆக்குகின்றன. மணியின் சுவரிலுள்ள கலங்கள் பல்லின்மீது மின்னும் கடினமான உறையாகிய மிளிரியை ஆக்குகின்றன. இவ்வாறு தலை உருவான பின்னரே வேர் கீழ்நோக்கி வளர்கின்றது.

கடைவாய்ப் பற்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் வருவன. அந்த மேலணி நாடா பின்னோக்கி நீண்டுகொண்டே செல்ல, முதலாவது கடைவாய்ப் பல்லின் பின்னே இரண்டாவதும், இரண்டாவதன் பின்னே மூன்றாவதாகிய ஞானப் பல்லும் அரும்புகின்றன. முதலாவது பல்லின் முளை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றது. ஞானப் பல்லின் முளையோ பிள்ளை பிறந்து நான்கைந்து ஆண்டுகள் ஆனபின்பே அரும்புகின்றது. அப்பொழுது அது மென்மையான ஒரு சிறு கலத்திரள் மாத்திரமே. ஏறத்தாழ ஏழு முதல் பத்து வயதுக்குள் அதிற் சுண்ணச்சத்துப் படியத் தொடங்குகின்றது. ஏறத்தாழ அக்காலத்தில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒரு சிறு வட்டமாக அதனைக் காண முடியும். பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் தலை முழுமையடைகின்றது. வேர் முற்றுப்பெற இருபது வயதும் அதற்கு மேலும் ஆகலாம்.

எனவே, வாழையின் அடியிற் கிளம்பும் கன்றைப் போல, மென்மையாய் இருக்கும் காலத்தில் இம்முளையை எளிதில் அழித்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. வளர்ந்து எலும்பில் வேரூன்றிய பல்லை அகற்றுவதற்குக் கத்தியும் குடைகருவியும் வேண்டும். முளைக்கு அவை வேண்டா என்பதே இம்முயற்சியின் அடிப்படை.

இயற்கையே இவ்வேலையைப் பலரிடத்திற் செய்து காட்டியிருக்கின்றது. ஞானப் பல் ஒன்றோ பலவோ பிறப்பிலேயே இல்லாதவர்கள் எல்லாச் சமூகங்களிலும் உளர். உலகின் பல பாகங்களிலும் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணிப்பொன்றின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு ஒரு ஞானப் பல்லாவது உருவாவதில்லை. இவர்கள் எவ்வித குறைவுமின்றி உண்டு வாழ்கின்றனர். பல்லின் எண்ணிக்கையை ஆளும் பரம்பரை அலகுகள் சிலவும் அறியப்பட்டுள்ளன. எம்.எஸ்.எக்ஸ்-1 என்னும் அலகிற் பழுதுற்ற ஒரு குடும்பத்தினருக்கு இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களும் ஞானப் பற்களும் தோன்றாதிருந்தமை 1996இல் அறிவிக்கப்பட்டது. பாக்ஸ்-9 என்னும் அலகிற் பழுதுற்ற இன்னொரு குடும்பத்தினருக்கு நிலையான கடைவாய்ப் பற்களிற் பெரும்பாலானவை இல்லாதிருந்தமை 2000இல் வெளியாயிற்று.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். அந்த அலகுகள் ஞானப் பல்லை மட்டும் ஆள்வனவல்ல. வேறு பற்களையும் ஆள்கின்றன. ஆகவே அவற்றைத் தடுக்கும் மருந்தொன்றை உட்கொண்டால், அது வேண்டாத பல்லோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றும் இதனையே வற்புறுத்துகின்றது. அவர்கள் சுண்டெலியின் பல் முளைகளை ஆய்கூடத்தில் வளர்த்தனர். முதலாம் கடைவாய்ப் பல்லின் முளையிலிருந்து அதன் பின்னுள்ள பகுதியை வெட்டிப் பிரித்தபோது, பின்னுள்ள பல் வழக்கத்திலும் விரைவாகவும் பெரிதாகவும் வளர்ந்தது. அதாவது, முன்னே நிற்கும் பல் தன் பின்னே வரும் பல்லை ஓரளவு அடக்கிவைக்கின்றது. வரிசையின் ஈற்றில் நிற்கும் ஞானப் பல் சில வேளைகளிற் சிறுத்தும், சில வேளைகளில் அறவே இல்லாமலும் போவதற்கு இவ்வடக்குமுறை ஒரு காரணமாகலாம். பற்கள் ஒன்றோடொன்று இவ்வளவு தொடர்புடையனவாக இருக்கையில், ஒன்றை மட்டும் குறிவைத்துத் தாக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, மனிதர் செய்த முயற்சிகளைப் பார்ப்போம். இவற்றுள் மூத்தது கத்தியைக்கொண்டு செய்ததே. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் தாடையை அளந்து, பிற்காலத்தில் ஞானப் பல்லுக்கு இடமிராது என்று கணித்து, முளையை அப்பொழுதே தோண்டி எடுத்துவிடலாம் என்று பல் மருத்துவர் சிலர் வாதித்தனர். 1979ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் ஞானப் பல் அகற்றல் குறித்து நிபுணர் மாநாடொன்றைக் கூட்டியபோது இவ்விடயமும் ஆராயப்பட்டது. அவ்வளவு இளவயதிற் செய்யும் கணிப்பை நம்பி முளையைத் தோண்டி எடுத்தல் ஏற்கத்தக்கதன்று என்று அம்மாநாடு முடிவு செய்தது. எட்டு வயதுத் தாடை பதினெட்டு வயதில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதைத் திட்டமாகச் சொல்ல இயலாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

அதன்பின் கத்தியில்லாத வழிகளிற் சிந்தனை சென்றது. அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து டஃப்ற்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடத்தைச் சேர்ந்த அந்தனி சில்வெஸ்திரியும் அவருடைய குழுவினரும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். எலிக்கு மூன்றாம் கடைவாய்ப் பல் பிறந்த பின்னரே வளர்வதால், பிறந்த எலிக்குஞ்சுகளையே அவர்கள் தெரிந்தெடுத்தனர். 2000ஆம் ஆண்டை அடுத்துவந்த ஆண்டுகளில், முளை அரும்பும் இடத்தின் மேலுள்ள இழையத்தில் ஒருமுறை மின்சார வெப்பத்தையும் இன்னொருமுறை லேசர்க் கதிரையும் செலுத்திப் பார்த்தனர். சிகிச்சை பெற்ற எலிகளுட் சிலவற்றில் மூன்றாம் கடைவாய்ப் பல் தோன்றவே இல்லை. எல்லாவற்றிலும் அவ்வாறு நிகழவில்லையாயினும், பல் ஒன்றின் பிறப்பை இவ்வழியில் தடுக்க இயலும் என்பது அதனால் உறுதியாயிற்று.

இதே குழுவினர் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வே பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்பட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையிற் சொத்தைப் பல்லுக்குச் சிகிச்சை செய்யும்போது விறைப்பு ஊசி போடுவதுண்டு. அந்த ஊசி செல்லும் இடம் ஞானப் பல்லின் முளை அரும்பும் இடத்துக்கு மிக அண்மையிலுள்ளது. ஊசியின் முனையோ மருந்தோ முளையைப் பாதித்திருக்கக்கூடுமா என்று அவர்கள் ஐயுற்றனர். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் பல் வைத்தியசாலைக்கு வந்து, குறைந்தது மூன்று ஆண்டுகளின் பின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்ட 220 பேருடைய பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, ஞானப் பல் வளரக்கூடிய 439 இடங்களை ஆராய்ந்தனர். ஊசி போடப்படாத 376 இடங்களுள் 1.9 சதவீதத்தில் முளை காணப்படவில்லை. ஊசி போடப்பட்ட 63 இடங்களுள் 7.9 சதவீதத்தில் முளை காணப்படவில்லை. இந்த வேறுபாடு நான்கு மடங்குக்கும் அதிகமானது.

இச்செய்தியைக் கேட்டதும், "அப்படியானால் பிள்ளைக்கு ஓர் ஊசி போட்டுவிட்டாற் போதுமே" என்று எண்ணத் தோன்றும். அவசரப்படுதல் ஆகாது. சதவீதத்தை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். ஊசி போட்ட 63 இடங்களில் முளை இல்லாதவை ஐந்தே. ஏனைய 58 இடங்களிலும் ஞானப் பல் தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. ஐந்து என்பது மிகச் சிறிய தொகை. அதனைக்கொண்டு ஒரு விதி வகுத்தல் இயலாது. மேலும், இது பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்டதேயன்றி, பிள்ளைகளை இரு பகுதியாகப் பிரித்து முன்னோக்கிச் செய்த பரிசோதனையன்று. ஊசி பெற்ற பிள்ளைகள் சொத்தைப் பல் உடையவர்கள். அவர்களுக்கும் ஏனையோருக்குமிடையே வேறு வேற்றுமைகளும் இருந்திருக்கலாம். ஆகவே ஆராய்ச்சிக்கு இஃது ஒரு துப்பாகுமே தவிர, சிகிச்சையாகாது.

இதிலிருந்து நேர்மாறான தவறு ஒன்றும் விளையக்கூடும். விறைப்பு ஊசி பல் முளையைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சொத்தைப் பல்லினால் அழும் பிள்ளைக்கு அந்த ஊசி வேண்டாம் என்று மறுக்கும் பெற்றோரும் இருக்கலாம். அது பெருந்தவறு. ஞானப் பல் ஒன்று தோன்றாமற் போனாலும் பிள்ளைக்கு யாதொரு நட்டமுமில்லை. ஆனால் நோவுடன் பற்சிகிச்சை பெற்ற பிள்ளை, வாழ்நாள் முழுதும் பல் வைத்தியரைக் கண்டாலே அஞ்சி ஒதுங்கும்.

அண்மை ஆண்டுகளில் முயற்சி மேலும் ஒருபடி சென்றுள்ளது. பன்றியின் தாடை அளவிலும் அமைப்பிலும் மனிதத் தாடையை ஓரளவு ஒத்தது. பன்றியின் தாடையை முப்பரிமாணப் படம் பிடித்து, முளை இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டு, பற்களின்மீது பொருந்தும் ஒரு வழிகாட்டி அச்சைச் செய்து, அதன் துவாரத்தினூடாக ஊசி போன்ற ஒரு கருவியைச் செலுத்தி, நுண்ணலை வெப்பத்தால் முளையை அழித்திருக்கின்றனர். அவ்வாறு அழிக்கப்பட்ட இடத்திற் பல் பின்னர் உருவாகவில்லை என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இதனைக் கத்தியில்லாச் சிகிச்சை என்று கூறலாமேயன்றி, உடலைத் தீண்டாச் சிகிச்சை என்று கூறமுடியாது. முரசினூடாகக் கருவி செல்லத்தான் வேண்டும். வெப்பம் இழையத்தைக் கொல்லத்தான் வேண்டும். மனிதப் பிள்ளைகளிடத்தில் இஃது இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

ஏன் இந்தத் தயக்கம்? அந்தச் சிறு இடத்தின் அயலில் இருப்பவை எவையென்று பாருங்கள். முளைக்குச் சற்று முன்னே, அதே எலும்பில், இரண்டாம் கடைவாய்ப் பல் தன் தலையை ஆக்கிக்கொண்டிருக்கின்றது. பன்னிரண்டு வயதில் வெளிவந்து வாழ்நாள் முழுதும் மெல்லவேண்டிய பல் அது. முளைக்குக் கீழே, கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வளிக்கும் நரம்பு ஓடுகின்றது. உட்புறமாக நாக்கின் நரம்பு செல்கின்றது. இவற்றுக்கிடையேயுள்ள தூரம் மில்லிமீற்றர்களால் அளக்கப்படுவது. வெப்பம் சிறிது மிஞ்சினால் நல்ல பல் ஊனமடையலாம். சிறிது குறைந்தால் முளை சாகாது, உருக்குலைந்த பல்லாக வளரலாம்.

முளையைத் தாக்கும் ஆற்றல் எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. புற்றுநோய்க்காக மிகச் சிறு வயதிற் கதிர்ச் சிகிச்சையோ கடும் மருந்துகளோ பெற்ற பிள்ளைகளுக்குச் சில பற்கள் தோன்றாமலும், சில பற்கள் சிறுத்தும் வேர் குறுகியும் போவதைப் பல் வைத்தியர்கள் அறிவர். உயிரைக் காக்கும்பொருட்டு அவ்விழப்பை ஏற்கின்றோம். ஒரு ஞானப் பல்லைத் தவிர்க்கும்பொருட்டு அத்தகைய மருந்தையோ கதிரையோ நினைத்தலும் தகாது. பல்லின் எண்ணிக்கையை மருந்தால் மாற்றும் ஆராய்ச்சி இன்று எதிர்த்திசையிலேதான் முன்னேறியுள்ளது. பல் வளர்ச்சியை அடக்கும் புரதம் ஒன்றைத் தடைசெய்து புதுப் பல் வளரச் செய்யலாமென்று யப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிலும் பெரற் என்னும் விலங்கிலும் கண்டு 2021இல் வெளியிட்டனர். 2024இல் கியோத்தோ நகரில் மனிதரிடத்து முதற் பாதுகாப்புச் சோதனை தொடங்கிற்று. பல்லில்லார்க்குப் பல் தருவதே அதன் நோக்கம்.

இதுகாறும் இயலுமா என்ற கேள்வியைப் பார்த்தோம். இனி, செய்யத் தகுமா என்ற கேள்வியைப் பார்க்கவேண்டும். என் கருத்தில் இதுவே கடினமான கேள்வி.

எட்டு வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்துவோம். அவர்களுள் ஏறத்தாழ 23 பேருக்கு ஒரு ஞானப் பல்லாவது இயற்கையாகவே வராது. 2016இல் வெளியான இன்னோர் உலகக் கணிப்பின்படி, ஏறத்தாழ 24 பேருக்கு ஒரு ஞானப் பல்லாவது தாடையிற் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பற்கள் யாவும் நோவைத் தருவனவுமல்ல. பல சத்தமின்றி எலும்பிற் கிடக்கும். எஞ்சியோரிற் பலருக்கு ஞானப் பல் ஒழுங்காகவே முளைத்து, உணவு மெல்லப் பயன்படும். முதலாம் கடைவாய்ப் பல்லைச் சொத்தையினால் இளமையிலே இழந்தவர்களுக்கு, பின்னே வரும் ஞானப் பல் பேருதவியாதலும் உண்டு. சில சமயங்களில் அதனைப் பெயர்த்து, இழந்த பல்லின் இடத்தில் நடுவதும் உண்டு. இந்த நூறு பேருள் யாருக்குத் துன்பம் வரும், யாருக்கு வராது என்பதை எட்டு வயதில் நிச்சயமாகச் சொல்லும் ஆற்றல் நமக்கில்லை. அவ்வாறிருக்க, அனைவருடைய முளையையும் சுட்டுவிடுதல், சிலருக்கு வரக்கூடிய நோவுக்காக நோவே வராத பலரைச் சிகிச்சைக்கு உட்படுத்துவதாகும்.

வளர்ந்தோர் விடயத்திலேயே மருத்துவ உலகம் இந்த நிதானத்தைக் கைக்கொள்ளுகின்றது. நோயேதுமின்றிச் சிக்கிக் கிடக்கும் ஞானப் பல்லை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தை நிறுத்தும்படி, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்கு 2000ஆம் ஆண்டில் வழிகாட்டல் வழங்கப்பட்டது. தானே தீர்மானிக்கவல்ல வளர்ந்தவருக்கே இவ்வளவு நிதானம் வேண்டுமாயின், தன் சம்மதத்தைத் தெரிவிக்கவும் அறியாத குழந்தைக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

ஆயினும் தாயாரின் கேள்விக்கு வெறும் மறுப்பை மட்டும் விடையாகக் கொடுத்தல் முறையன்று. முளையைத் தடுக்க முடியாவிட்டால், முளைக்கு இடமாவது கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். ஞானப் பல்லின் குற்றமெல்லாம் அது பிறந்ததன்று. அது வந்துசேரும்போது தாடையில் இடமில்லாமையே.

தாடையின் வளர்ச்சிக்கும் மெல்லும் உழைப்புக்கும் தொடர்புண்டு என்பதற்குச் சான்றுகள் உள. ஹைராக்ஸ் என்னும் சிறு விலங்குகளை அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு வேகவைத்த மென்மையான உணவையும், மற்றதற்குப் பச்சையாகவும் உலர்ந்ததாகவும் உள்ள கடின உணவையும் கொடுத்து வளர்த்தனர். மென்மையான உணவை உண்டவற்றின் முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவாக வளர்ந்திருந்ததை 2004இல் வெளியிட்டனர். மனிதருள்ளும் வேட்டையாடியும் காய்கிழங்கு சேர்த்தும் வாழ்ந்த மக்களின் கீழ்த்தாடை நீண்டும், உழுது பயிரிட்டு உண்ட மக்களின் தாடை குறுகியும் இருப்பதைப் பல்வேறு இன மக்களின் மண்டையோடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2011இற் காட்டிற்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துப் பல் மருத்துவரான பெக் என்பவர் 1954இல் இன்னொரு கருத்தையும் கூறினார். பழங்குடி மக்கள் உண்ட கரடான உணவினாற் பற்களின் பக்கங்கள் தேய்ந்து, வரிசை முழுதும் முன்னோக்கி நகர்ந்து, ஈற்றிலே ஞானப் பல்லுக்கு இடமுண்டாயிற்று என்பது அவர் கருத்து.

ஆகவே நம் முன்னோர் புழுக்கொடியலையும் கரும்பையும் கடித்து மென்று வளர்ந்ததும், இக்காலப் பிள்ளைகள் மெத்தென்ற பாணையும் பிசுக்கோத்தையும் தேநீரில் தோய்த்து விழுங்குவதும், தாடையைப் பொறுத்தவரையில் ஒரே வகைப்பட்டனவாகா. பற்கள் உறுதியாயுள்ள பிள்ளைகளுக்கு மென்று தின்னவேண்டிய உணவைக் கொடுத்தல் நல்ல பழக்கமே. ஆனால் இதனை ஒரு மருந்தாக எண்ணி ஏமாறுதல் கூடாது. புழுக்கொடியல் மென்ற பிள்ளைக்கு ஞானப் பல் சிக்காது என்று எவரும் சோதித்து நிறுவியதில்லை. தாடையின் அளவிலே பரம்பரைக்கும் பெரும் பங்குண்டு. தைலம் பூசுதல், முரசைத் தேய்த்தல், மூலிகையைக் கடித்தல் ஆகியவற்றால் பல் முளை மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதனை நம்பவே வேண்டாம். எலும்பினுள்ளே இருக்கும் முளையை அவை எட்டுவதில்லை.

அங்ஙனமாயின் இன்று நாம் செய்யக்கூடியது யாது? பதினாறு முதல் பதினெட்டு வயதளவில், பல் வைத்தியர் தேவையெனக் கண்டால், தாடை முழுவதையும் காட்டும் ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கலாம். பல் நேரே வருகின்றதா, சாய்ந்து கிடக்கின்றதா, நரம்புக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பன அதில் விளங்கும். தொல்லை தராத பல்லை இடையிடையே கண்காணித்து வந்தாற் போதும். அடிக்கடி முரசு அழலுதல், பல்லிலோ முன்பல்லிலோ சொத்தை விழுதல், எலும்பில் நீர்ப்பை உண்டாதல் ஆகியவை நேர்ந்தால் அகற்றவேண்டும். அவ்வாறு அகற்ற நேரின், வேர் முற்றி எலும்பு இறுகுமுன், இருபதுகளின் தொடக்கத்திற் செய்துகொள்ளல் எளிது, ஆறுதலும் விரைவு. முன்பற்கள் நெருக்கமாவது ஞானப் பல் தள்ளுவதனாலேயே என்று கூறி அதனை அகற்றுவோரும் உளர். ஞானப் பல்லே இல்லாதவர்களுக்கும் அந்நெருக்கம் ஏற்படுவதால், அக்காரணம் ஒன்றுக்காக மாத்திரம் அகற்றுதல் தகாது.

பாதி முளைத்த பல்லின்மேல் முரசு ஒரு மடல்போல மூடியிருக்கும். அதனடியில் உணவுத் துணிக்கைகள் தங்கி அழுகுவதாலேயே பெரும்பாலும் நோவு உண்டாகின்றது. சிறிய தலையுடைய தூரிகையினால் அவ்விடத்தை மெதுவாகத் துலக்கி, இளஞ்சூடான உப்பு நீரினாற் பலமுறை கொப்பளித்தால் நோவு தணியும். நோமாத்திரையை முரசின்மேல் வைத்து அடக்கிக்கொள்வது சிலர் வழக்கம். அது முரசை வெந்துபோகச் செய்யும், ஒருபோதும் செய்யலாகாது. முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறவாமல், விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால், ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அந்த நஞ்சு கழுத்தினுள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்தாகும்.

நேயர்களே, அந்தத் தாயாரின் கேள்விக்குத் திரும்புவோம். ஞானப் பல்லை முளையிற் கிள்ள முடியுமா என்றால், விலங்குகளிடத்தில் முடிந்திருக்கின்றது. ஒருகாலத்தில் மனிதரிடத்திலும் முடியலாம். யாருக்கு அது துன்பந் தரும் என்பதை முன்கூட்டி அறியும் வழியும், அயலிலுள்ள பல்லுக்கும் நரம்புக்கும் ஊறு வராது என்பதற்குப் பல்லாண்டுச் சான்றும் கிடைக்கும் அன்று, இச்சிகிச்சையை நாம் வரவேற்கலாம். அதுவரையில் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது, ஞானப் பல்லை நினைந்து அஞ்சும் தாயன்று. ஆறு வயதில் வந்துவிட்ட முதலாம் கடைவாய்ப் பல்லைச் சொத்தை அணுகாமல் இரவிலும் காலையிலும் துலக்கக் கற்பிக்கும் தாயே. வரப்போகும் பல்லைப் பற்றிய கவலையில் வந்த பல்லை இழந்துவிடாதிருப்போமாக.